பெற்றோர் வீட்டை விற்ற பணம்: 54இசி பாண்டு நல்லதா, கேப்பிடல் கெயின்ஸ் கணக்கு நல்லதா?

அப்பா கட்டிய வீட்டைப் பிள்ளைகள் சேர்ந்து விற்று, பதிவு முடிந்த வாரத்திலேயே இரண்டு பெயர்கள் காதில் விழத் தொடங்கிவிடும். ஒன்று 54இசி பாண்டு, அதாவது ஆதாயத்தை ஐந்து வருஷம் பூட்டிவைக்கிற அரசு நிறுவனப் பத்திரம். இன்னொன்று, புது வீடு வாங்கும்வரை அல்லது கட்டும்வரை ஆதாயத்தைப் போட்டுவைக்க வங்கியில் திறக்கிற கேப்பிடல் கெயின்ஸ் கணக்கு. இரண்டுமே வரியைத் தவிர்க்கச் சட்டம் தந்திருக்கிற வழிகள்தான். ஆனால் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் பணம் வருஷக்கணக்கில் முடங்கும், கடைசியில் வரியும் கட்ட நேரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல வாரிசுகள் பங்கு பிரித்துக்கொள்கிற சாதாரண வீட்டுக்கு 54இசி பாண்டு போதும். 5க்கு 4 மதிப்பெண். கேப்பிடல் கெயின்ஸ் கணக்குக்கு 5க்கு இரண்டரைதான். மனையும் பிளானும் கையில் இருந்து, வீடு கட்டப் போவது உறுதி என்றால் மட்டும் அதையும் 4 வரை உயர்த்தலாம். இரண்டையும் தொடுவதற்கு முன் உங்கள் பங்குக்கு வரி எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டுகிறார்கள்.

வரி எவ்வளவு என்று பார்ப்பது

வீடு வாரிசாகக் கைக்கு வந்தபோது வரி கிடையாது. எஸ்டேட் டூட்டி 1985லேயே போய்விட்டது. விற்கும்போதுதான் வருமான வரித் துறை வருகிறது. அப்போது "வாங்கிய விலை" என்று சட்டம் எடுத்துக்கொள்வது முந்தைய உரிமையாளரின் விலையை. அப்பா 1978ல் வாங்கியிருந்தால் அவர் கொடுத்த விலை. வைத்திருந்த காலமும் அவர் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். ஆகவே அவர் காலமான ஆறாவது மாதமே விற்றாலும் அது நீண்டகால ஆதாயம்தான்.

2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தானால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் அரசுப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் தேவைப்படுகிறார். அவர் அறிக்கையில் எவ்வளவு எழுதினாலும், அன்றைய கைடுலைன் வேல்யூ (பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கிற மதிப்பு) கிடைக்கிற இடத்தில் அதைத் தாண்டக் கூடாது. இந்த உச்சவரம்பு 2020 நிதிச் சட்டத்தில் வந்தது. அதனால் மதிப்பீட்டாளரிடம் போவதற்கு முன் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் 2001ம் வருஷத்துத் தெருவாரி கைடுலைன் மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். "மார்க்கெட்ல அப்ப நல்ல ரேட்டு" என்று மட்டும் எழுதிய அறிக்கை விசாரணையில் நிற்காது. மனையின் அளவு, அதே தெருவில் 2000-01ல் நடந்த கிரையங்கள், கட்டடத்தின் சதுர அடி, கட்டிய வருஷம், தேய்மானம் கழித்த விதம் இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

2001க்குப் பிறகு மாடி எடுத்திருந்தால், போர்வெல் போட்டிருந்தால், அந்தச் செலவும் சேரும். அப்பா செய்ததும் சேரும், நீங்கள் செய்ததும் சேரும். பில் வேண்டும். வெள்ளை அடித்தது, வீட்டு வரி கட்டியது சேராது. புரோக்கர் கமிஷன் விற்ற செலவாகக் கழியும். பலரும் விட்டுவிடுகிற ஒன்று: அப்பா வீட்டை அடமானம் வைத்துவிட்டுப் போய், அந்தக் கடனை வாரிசுகள் அடைத்து வீட்டை மீட்டிருந்தால், அடைத்த தொகையும் வாங்கிய விலையில் சேரும். உச்ச நீதிமன்றம் 1997ல் சொன்னது இது. வாரிசே வைத்த அடமானத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

இனி வரி விகிதம். 2024 ஜூலை 23க்குப் பிறகான விற்பனைக்கு, பணவீக்கக் குறியீடு (விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டுகிற எண்) இல்லாமல் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்துவிட்ட நிலமோ வீடோ ஆனால், இந்தியாவில் குடியிருக்கிற தனிநபருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. பழைய முறைப்படி குறியீட்டோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

ஒரு கணக்கு. 1978ல் வாங்கிய வீடு, அப்பா 2012ல் காலமானார், வாரிசுகள் மூன்று பேர். 2025 ஜூனில் 1.20 கோடிக்கு விற்றார்கள். 2001 மதிப்பு 15 லட்சம். ஒருவர் பங்குக்கு விற்ற விலை 40 லட்சம், 2001 மதிப்பு 5 லட்சம். புதிய முறையில் ஆதாயம் 35 லட்சம், வரி 4,37,500 ரூபாய். பழைய முறையில், 2025-26க்கான குறியீடு 376, 2001-02க்கு 100. 5 லட்சம் 18.8 லட்சமாகிறது. ஆதாயம் 21.2 லட்சம், 20 சதவீதம் 4,24,000 ரூபாய். பழைய முறைதான் குறைவு. 4 சதவீத செஸ் சேர்த்தால் 4,40,960 ரூபாய். குறியீடு அப்பா இறந்த வருஷத்திலிருந்தா, வாங்கிய காலத்திலிருந்தா என்ற பழைய சண்டையை மும்பை உயர் நீதிமன்றம் 2011ல் தீர்த்துவைத்தது. முந்தைய உரிமையாளரின் காலத்திலிருந்தே எண்ணலாம்.

2025-26 விற்பனைகளுக்கு ஒரு குறுக்கு வழி. விற்ற விலையை 2001 மதிப்பால் வகுத்துப் பாருங்கள். 3.76க்குள் வந்தால் வரியே இல்லை. 3.76க்கும் ஏறக்குறைய 8.36க்கும் நடுவில் இருந்தால் பழைய 20 சதவீத முறைதான் லாபம். அதற்கு மேல் 12.5 சதவீதம். மேலே சொன்ன வீடு 8 மடங்கு. சென்னை, கோவையின் விரிவுப் பகுதிகளில் 15, 20 மடங்கெல்லாம் சாதாரணம்; அங்கே பழைய முறையைத் தேடவே வேண்டாம். கும்பகோணம், காரைக்குடிப் பக்கம் உள்ளூர்த் தெரு வீடுகளுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

வேறு வருமானம் இல்லாத அம்மாவின் பங்குக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. புதிய வரித் திட்டத்தில் 2025-26க்கு 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு. அதில் மீதமிருப்பதை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், இந்தியாவில் குடியிருப்பவர் என்றால். ஆனால் 12 லட்சம் வரை வரி இல்லை என்று பேசிக்கொள்கிற அந்தத் தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது. இதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

54இசி பாண்டு

ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி என்கிற மத்திய அரசு நிறுவனங்கள் வெளியிடுகிற பாண்டு இது. 2025ல் ஹட்கோவும் ஐஆர்இடிஏவும் பட்டியலில் சேர்ந்தன. வட்டி 5.25 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கில் விழும். ஒரு பாண்டு 10,000 ரூபாய். ஐந்து வருஷம் தொடவே முடியாது; விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. அதன் மேல் கடன் வாங்கினாலே விற்றதாகக் கருதி, தவிர்த்த வரியைத் திரும்பக் கேட்பார்கள்.

விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாங்க வேண்டும். ஒருவருக்கு உச்சம் 50 லட்சம். விற்பனை டிசம்பரில் நடந்து ஆறு மாதம் இரண்டு நிதியாண்டில் விழுந்தாலும் மொத்தம் 50 லட்சம்தான். ஒரு காலத்தில் இருந்த ஒரு கோடி வித்தை 2014ல் மூடப்பட்டுவிட்டது. வாரிசுகள் வீட்டுக்கு இந்த வரம்பு ஏன் உறுத்துவதில்லை என்றால், அது தலைக்கு 50 லட்சம். நான்கு பேர் விற்றால் இரண்டு கோடி ஆதாயம் வரை தாங்கும்.

வட்டி குறைவு என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 12.5 சதவீத முறையில் 10 லட்சம் ஆதாயத்துக்கு வரியும் செஸ்ஸும் 1.30 லட்சம். வரியைக் கட்டிவிட்டு மீதி 8.7 லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால், ஐந்து வருஷ வட்டி 3,04,500 ரூபாய், கையில் 11,74,500. பாண்டில் முழு 10 லட்சமும் இருக்கும், வட்டி 2,62,500, கையில் 12,62,500. பாண்டு 88,000 ரூபாய் முன்னால் நிற்கிறது. பழைய 20 சதவீத முறையில் வரி கணக்கிடுகிறவருக்கு இடைவெளி இன்னும் அகலம்: 10 லட்சத்துக்கு வரியே 2.08 லட்சம், மீதி 7.92 லட்சம் வைப்பில் 10,69,200 ஆகும். பாண்டு 1,93,300 ரூபாய் முன்னால். இரண்டு பக்கத்து வட்டிக்கும் வரி உண்டு, அதனால் வரிசை மாறாது. மியூச்சுவல் ஃபண்டில் போட்டு இதை வெல்ல வேண்டுமானால் முதல் வகைக்கு ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேலும், இரண்டாவது வகைக்கு 10 சதவீதத்துக்கு மேலும் ஐந்து வருஷம் தொடர்ந்து வளர வேண்டும். அந்த ஆபத்தை எடுக்கிறவர் எடுக்கலாம். ஓய்வூதியத்தில் வாழ்கிற அக்காவின் பங்கை அப்படி வைக்கச் சொல்ல மாட்டோம்.

பழைய முறை லாபமாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எவ்வளவு ரூபாய்க்கு பாண்டு வாங்க வேண்டும்? பெரும்பாலும் புதிய முறை ஆதாயம் முழுவதையும், அதாவது நம் கணக்கில் 35 லட்சத்தை, போடச் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் சொல் வேறு. 2024 திருத்தத்துக்கு முன் இருந்த சட்டப்படி வரும் வரியைவிடக் கூடுதலாக வந்தால் அந்தக் கூடுதலைக் கணக்கில் கொள்ளாதே என்கிறது அது. முன்பிருந்த சட்டத்தில் ஆதாயம் 21.2 லட்சம், அவ்வளவுக்கு பாண்டு வாங்கினால் அந்த முறையில் வரி பூஜ்ஜியம். அப்படியானால் 35 லட்சத்தைப் பூட்டத் தேவையில்லை. ஏறக்குறைய 14 லட்சம் கையில் தங்குகிறது. ஆடிட்டரிடம் இரண்டு கணக்கையும் தாளில் போட்டு வாங்கிவிட்டு அதன் பிறகு தொகையை முடிவு செய்யுங்கள்.

வாங்குவது எளிது. நிறுவனத்தின் இணையதளத்திலோ, வங்கி, பங்குத் தரகர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். பான், ஆதார், ரத்து செய்த காசோலை போதும். டீமேட் இருந்தால் அதில் வரும், இல்லையென்றால் சான்றிதழாக வரும். முகவருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. கேட்டால் வேறு முகவரைப் பாருங்கள்.

கோளாறு நடக்கிற இடங்கள் சில. விற்றவரின் பெயர்தான் முதல் பெயராக இருக்க வேண்டும். மகன் பெயரை முதலில் எழுதி அப்பா விலக்குக் கேட்டால் சிக்கல். பணம் விற்றவருடைய கணக்கிலிருந்தே போவது நல்லது. ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். பணம் போய்ச் சேர்ந்த நாள் ஒன்று, ஒதுக்கீட்டுத் தேதி இன்னொன்று. ஆர்இசி மாதக் கடைசி நாளையே ஒதுக்கீட்டு நாளாக வைக்கிறது. ஐந்தாவது மாதத்தோடு முடித்துவிட்டால் அந்த வாதமே எழாது. காகிதச் சான்றிதழ் வைத்திருப்பவர் நடுவில் வங்கிக் கணக்கை மூடினால் பாண்டு நிறுவனத்தின் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் முதிர்வுப் பணம் பழைய கணக்குக்குப் போய்த் திரும்பி அலையும்.

ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது? ஐந்து வருஷத்தில் கல்யாணமோ ஆபரேஷனோ வந்தால் இந்தப் பணம் உதவாது. அவசரத்துக்கு உடைக்க முடியாத பணத்தை எண்பது வயது அம்மா பெயரில் முழுசாகப் பூட்டுவது சரியல்ல. அவர் பங்கில் பாதிக்கு பாண்டு, பாதிக்கு வரி கட்டிவிட்டுக் கையில் வைத்துக்கொள்வது நிம்மதி. நாமினி பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேப்பிடல் கெயின்ஸ் கணக்கு

இது முதலீடு இல்லை. பணத்தை நிறுத்திவைக்கிற இடம். வீட்டை விற்ற ஆதாயத்தில் இன்னொரு வீடு வாங்கினால், கட்டினால், 54ம் பிரிவில் வரி விலக்கு உண்டு. விற்றதற்கு ஒரு வருஷம் முன்னாலோ, இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்கலாம். மூன்று வருஷத்துக்குள் கட்டி முடிக்கலாம். வீடு இந்தியாவில் இருக்க வேண்டும், மூன்று வருஷம் விற்கக் கூடாது. ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் இரண்டு வீடு வரை போகலாம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்கிற கெடுவுக்குள் பணம் செலவாகியிருக்காதே, அதற்குத்தான் இந்தக் கணக்கு. செலவாகாத ஆதாயத்தைக் கெடுவுக்கு முன் இதில் போட்டுவிட்டால் விலக்கு நிற்கும். 2025-26ல் விற்றவர்களுக்கு அந்தக் கெடு 2026 ஜூலை 31.

1988ல் வந்த திட்டம். ஏ, பி என்று இரண்டு வகை. ஏ வகை சேமிப்புக் கணக்கு மாதிரி, சேமிப்பு வட்டிதான், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பி வகை வைப்பு மாதிரி, வைப்பு வட்டி, ஆனால் நேரடியாக எடுக்க முடியாது. ஏ வகைக்கு மாற்றித்தான் எடுக்க வேண்டும், முன்கூட்டி மாற்றினால் வட்டியில் அபராதம் உண்டு. முழுப் பணத்தையும் ஏ வகையில் போட்டு மூன்று வருஷம் வைத்திருப்பவர்கள் வட்டியை இழக்கிறார்கள். அஸ்திவாரம், கம்பி, முதல் ஆறு மாதக் கூலி இவற்றுக்கு ஏ. கான்கிரீட்டுக்கும் அதற்குப் பிறகான வேலைகளுக்கும் பி என்று பிரித்துப் போடுங்கள். பி வகையின் முதிர்வு, ரூஃப் போடுகிற மாதத்துக்கு முன்னால் வரும்படி காலத்தைத் தேர்ந்தெடுத்தால் அபராதம் வராது. வட்டிக்கு ஆண்டுதோறும் வரி உண்டு.

முன்பெல்லாம் இந்தக் கணக்கு அரசு வங்கிகளில்தான். 2025 நவம்பரில் வந்த திருத்தம் 19 தனியார் வங்கிகளைச் சேர்த்தது. அதில் நம் ஊர் வங்கிகளும் இருக்கின்றன: கும்பகோணத்தின் சிட்டி யூனியன், கரூரின் கரூர் வைசியா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல். கிராமப்புறக் கிளைகளில் மட்டும் திறக்க மாட்டார்கள், டவுன் கிளைக்குப் போக வேண்டும். இது உண்மையிலேயே பெரிய வசதி. இருந்தாலும், இந்தக் கணக்கைத் திறந்தே பார்க்காத ஊழியர்கள் இருக்கிற கிளைகள் இன்னும் ஏராளம். ஜூலை கடைசி வாரம் போய் நின்று, "இங்கே அதெல்லாம் இல்லையே" என்ற பதிலைக் கேட்க வேண்டாம். மே மாதமே விசாரித்து வையுங்கள்.

ஏ படிவம் கொடுத்துத் திறக்கிறோம். பணம் எடுக்க சி படிவம். இரண்டாவது முறை எடுக்கும்போது, முதல் முறை எடுத்ததை என்ன செய்தோம் என்று டி படிவத்தில் எழுதித் தர வேண்டும். எடுத்த பணத்தை 60 நாளுக்குள் செலவு செய்ய வேண்டும், மிஞ்சினால் திரும்பக் கட்ட வேண்டும். 25,000 ரூபாய்க்கு மேல் என்றால் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அவர் பெயருக்கே போகும். கொத்தனாருக்கு வாராவாரம் கூலி ரொக்கமாகக் கொடுத்துக் கட்டுகிற நம் ஊர் முறைக்கு இது ஒத்துவராது. ஒரு காண்ட்ராக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கிறவர்களுக்கே இந்தக் கணக்கு வசதி. செக் புக், கார்டு, நெட் பேங்கிங் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இதன் மேல் கடனும் கிடைக்காது.

பெரிய தலைவலி மூடும்போது. ஜி படிவத்தில் வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். கட்டி முடித்த சான்று, கிரையப் பத்திரம், செலவுக் கணக்கு, ரிட்டர்ன் ஒப்புகை எல்லாம் இணைத்து, உங்கள் பான் எந்த அதிகாரியின் கீழ் வருகிறது என்று இ-ஃபைலிங் தளத்தில் பார்த்து அங்கே தர வேண்டும். ஊர் மாறியவர்களுக்குப் பான் பழைய ஊரிலேயே இருக்கும். அங்கே போய் அலைய நேரும். 2027 ஏப்ரல் 1லிருந்து மூடுவது மின்னணு வழிக்கு மாறுகிறது. அதுவரை, மூன்று வருஷம் முடிகிற வரை காத்திருக்காமல் வேலை முடிந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

வீடு கட்டாமலே விட்டால்? விற்ற நாளிலிருந்து மூன்று வருஷம் முடிகிற ஆண்டில், மிஞ்சிய தொகை நீண்டகால ஆதாயமாக வரிக்கு வரும். "சும்மா போட்டு வை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவர்கள் வரியைத் தள்ளிப்போடுகிறார்களே தவிர, தவிர்க்கவில்லை. அதற்குள் பாண்டு வாங்குகிற ஆறு மாதமும் போயிருக்கும். பாதி ஆதாயத்துக்கு பாண்டு, பாதிக்கு வீடு என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தவும் சட்டம் அனுமதிக்கிறது. தெளிவில்லாதவர்களுக்கு அந்தக் கலவைதான் சரி.

இரண்டுமே கைவிடுகிற இடங்கள்

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மனையாக விற்றால் நல்ல விலை போகும் என்று புரோக்கர் சொல்வார். இடித்த பிறகு அது வீடு இல்லை, மனை. அப்போது 54ம் பிரிவு போய் 54எஃப் வரும். அதில் ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது. முழு விலக்குக்கு விற்ற பணம் முழுவதையும் புதிய வீட்டில் போட வேண்டும். வேறு வீடு ஒன்றுக்கு மேல் இருந்தால் விலக்கே கிடையாது. வாங்குபவரே இடித்துக்கொள்ளட்டும், கிரையப் பத்திரத்தில் வீடும் மனையும் என்று எழுதி, கட்டட அளவையும் கதவு எண்ணையும் குறிப்பிடுங்கள். 54இசி பாண்டுக்கு இந்த வேறுபாடு இல்லை, மனைக்கும் செல்லும்.

பத்திரத்தில் காட்டுகிற விலை கைடுலைன் வேல்யூவைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், கைடுலைன் மதிப்பையே விற்ற விலையாக எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் கைடுலைன் மாறியிருக்கிறது. பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு பாண்டு வாங்கினால் ஆதாயத்தில் ஒரு பகுதி வெளியே நிற்கும்.

உடன்பிறந்தவர்களுக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்து, அது அவர் சம்பாதித்த வீடு என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள், பாட்டி இருந்தால் பாட்டி எல்லாருக்கும் சம பங்கு. "தங்கச்சி எதுவும் வேண்டாம்னுட்டா" என்று பணம் முழுவதும் அண்ணன் கணக்குக்குப் போய், கிரையப் பத்திரத்தில் தங்கை கையெழுத்தும் இருந்தால், அவள் பங்கு ஆதாயம் அவள் பான் எண்ணில்தான் தெரியும். நோட்டீஸ் அவளுக்கு வரும். அண்ணன் வாங்கிய பாண்டு அவளைக் காப்பாற்றாது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விற்பதற்கு முன்பே பணம் வாங்காத விடுதலைப் பத்திரம் பதிவு செய்துவிட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினால் அதுவே விற்பனை. அவளுக்கு அப்போதே ஆதாய வரி வரும்.

மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து, அதற்கான படிவத்தில் (2026 மார்ச் வரை 26கியூபி) கட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குள் இருந்தாலும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். எல்லாவற்றையும் ஒரே பான் எண்ணில் கட்டிவிட்டால் மற்றவர்களின் வரிப் பிடிப்பு அறிக்கையில் எதுவும் வராது. பதிவு நாளன்றே எல்லார் பான் எண்ணையும் பங்குத் தொகையையும் வாங்குபவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் குடியிருக்கும் தம்பிக்கு விதி வேறு. அவருக்கு 20 சதவீதக் கதவு இல்லை, நேராக 12.5 சதவீதம். அவர் பங்குக்கு 1 சதவீதம் பிடிப்பது தவறு, 12.5 சதவீதமும் அதற்கு மேல் சர்சார்ஜும் (வரி மேல் கூடுதல் வரி) செஸ்ஸும் பிடிக்க வேண்டும், ஆதாயம் எவ்வளவு என்று அதிகாரி சான்று தராதவரை வாங்குபவர் முழு விலையிலேயே பிடிப்பார். பாண்டு வாங்கப் போகிறார், வரி வராது என்றாலும் பிடித்த பணம் ரீஃபண்டாகத் திரும்பி வரும்வரை அரசிடம் மாட்டிக்கொள்ளும். பதிவுக்குப் பல வாரம் முன்பே குறைந்த விகிதச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டால் இது தவிரும். பாண்டும் கணக்கும் அவருக்கும் திறந்தவைதான்.

ரிட்டர்ன் தாக்கல் ஐடிஆர் 2 படிவத்தில். ஆதாயப் பட்டியலில் பாண்டு வாங்கிய தேதியும் தொகையும், கேப்பிடல் கெயின்ஸ் கணக்கானால் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பணம் போட்ட தேதியும் கேட்கும். விலக்கால் வரி பூஜ்ஜியம் என்றாலும் தாக்கல் செய்யத்தான் வேண்டும். 2026 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்கிறவர்களுக்கு 2025ம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம். அங்கே 54ம் பிரிவு 82 ஆகவும், 54இசி 85 ஆகவும் எண் மாறியிருக்கிறது. படிவங்களில் பழைய எண்ணைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

கணக்குத் திறந்தவர் வீடு கட்டி முடிக்குமுன் காலமாகிவிட்டால், மீதமிருக்கிற பணத்துக்கு அவர் வாரிசுகள் வரி கட்ட வேண்டியதில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996 மே மாதச் சுற்றறிக்கை 743ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாமினியோ வாரிசோ எச் படிவம் கொடுத்து மூட வேண்டும். கிளையில் வரி கட்டிவிட்டு வா என்று சொன்னால், அந்தச் சுற்றறிக்கையின் நகலை நீட்டுங்கள்.